“நான் இப்ப யாருக்கா?” என்று கேட்ட தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சி,

“ஞானஸ்நானம் எடுத்தாச்சு. மாமியா என்னடான்னா நீ இனிமே நம்ம ஆளு இல்லங்கிறாங்க. சபையில பொட்டை எடு, பூவை எடு, பேரை மாத்துங்கிறாங்க. கரையில சண்டை வந்தா எனக்குப் பழைய வாய்தான் வருது. அப்ப நான் இப்ப யாருக்கா?”

நீ கேட்டபோது பஸ் வந்துவிட்டது. வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதிலும் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன். உன் பெயரையோ ஊரையோ எங்கும் எழுதவில்லை, பயப்படாதே. பாம்பனிலிருந்து மூக்கையூர் வரை இதே கேள்வியோடு இருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறேன். உன் மகள் போனில் வாசித்துக் காட்டுவாள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீ தேவனுடைய மகள். உனக்குள் என்ன மாறியிருக்கிறது, எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்து பார்த்துச் சொல்கிற பதில் இல்லை இது. இயேசுவை ஏற்றுக்கொண்டவர்களுக்கு, அவருடைய நாமத்தை விசுவாசிக்கிறவர்களுக்கு, தேவனுடைய பிள்ளைகளாகிற அதிகாரத்தை அவரே கொடுத்தார் என்று யோவான் முதல் அதிகாரத்தில் எழுதியிருக்கிறான். மாமியாரும் சபையும் சேர்ந்து தர முடியாத அதிகாரம் அது. அவர்கள் எடுத்துவிடவும் முடியாது.

“ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான்” என்ற வசனத்தை உன் ஞானஸ்நானத்தன்று எல்லோரும் சொன்னார்கள். அது யாருக்கு எழுதப்பட்டது என்று யாராவது உனக்குச் சொன்னார்களா? கொரிந்து என்கிற ஊரில் இருந்த சபைக்கு, அப்போஸ்தலன் பவுல் எழுதினது. இரண்டு பக்கமும் துறைமுகம் வைத்திருந்த வியாபார ஊர் அது. அந்தச் சபையின் லட்சணத்தை அவன் எழுதிய முதல் நிருபத்தில், அதாவது கடிதத்தில், வாசித்துப் பார். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி கட்டி நின்றார்கள். ஒரே சபையில் இருந்துகொண்டு ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். கர்த்தருடைய பந்திக்கு வந்த இடத்தில் ஒருவன் பசியோடு இருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். பவுல் அவர்களைக் கடுமையாகத் திட்டினான். ஆனாலும் அந்த நிருபத்தின் தொடக்கத்தில் அவர்களைப் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள் என்றுதான் அழைத்தான். அதே ஆட்களுக்கு எழுதிய அடுத்த நிருபத்தில்தான் புதுச்சிருஷ்டி என்கிற வசனம் வருகிறது. அவர்கள் யார் என்று முதலில் சொன்னான், அதற்கு ஏற்றபடி நடங்கள் என்று அப்புறம் சொன்னான். இந்த வரிசையை மாற்றிப் போட்டால் உனக்குத் தூக்கம் வராது.

உன் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கடல்பாசி எடை போடுகிற இடத்தில் அந்த அக்காவை நீ பேசிய பேச்சு தப்புதான். போய் மன்னிப்புக் கேள். ஆனால் அந்தப் பேச்சை வைத்து, “எனக்கு ஒண்ணுமே நடக்கல” என்று முடிவு கட்டாதே. விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேன் என்று ரோமர் ஏழாம் அதிகாரத்தில் பவுலே புலம்புகிறான். முன்பெல்லாம் அப்படிப் பேசிவிட்டு வந்து நீ நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாய். இப்போது சோறு இறங்கவில்லை என்று சொன்னாயே, அந்த வலி எங்கிருந்து வந்தது? மூங்கில் மிதவையில் பாசி வளர்க்கிறவர்கள் சின்னத் துண்டைக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு 45 நாள் விட்டு வைக்கிறார்கள். கட்டின மறுநாளே இழுத்துப் பார்த்து, இது வளரவில்லை என்று யாரும் பிடுங்கி எறிவதில்லை. கயிற்றில் நன்றாகக் கட்டியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நீ கட்டப்பட்டிருக்கிறாய்.

பைபிள் வாசிக்கத் தெரியாது என்று கூச்சப்படுகிறாய், அதுவும் வேண்டாம். இந்தக் கரையில் 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் எடுத்தார்கள். 1542இல் சவேரியார் என்ற பாதிரியார் வந்து பார்த்தபோது அவர்களில் பலருக்குத் தாங்கள் என்ன விசுவாசிக்கிறோம் என்று சொல்லத் தெரியவில்லை. அவர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழில் ஆக்கினார். மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டில் போய்ப் பெரியவர்களுக்குச் சொன்னார்கள். உன் வீட்டிலும் மகள் வாசிக்க நீ கேட்கிறாய். இந்தக் கடற்கரையில் விசுவாசம் அப்படித்தான் வளர்ந்தது.

சரி, பெயருக்கும் பொட்டுக்கும் வருவோம்.

உன் பெயர் சாமி பெயர் என்பதால் மாற்ற வேண்டும் என்கிறார்கள். கொரிந்துவின் துறைமுகங்களில் ஒன்றான கெங்கிரேயாவில் சபைக்கு ஊழியம் செய்த பெபேயாளை ரோமர் பதினாறாம் அதிகாரத்தில் பவுல் “நம்முடைய சகோதரி” என்கிறான். கிரேக்கர்கள் அர்த்தமி தேவதையை அழைத்த பெயர்களில் ஒன்றுதான் அவள் பெயர். அப்பொல்லோ என்ற போதகனின் பெயரில் அப்பல்லோ தெய்வம் இருக்கிறது. சிறையில் பவுலுக்கு உதவி கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்துவின் பெயரில் அப்ரோதீத்தே தேவி இருக்கிறாள். இவர்களில் ஒருவரையும் பவுல் பெயர் மாற்றச் சொன்னதாக வேதத்தில் இல்லை. சவுல் மனம் திரும்பியதும் பவுல் ஆனான் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பாய். அப்போஸ்தலர் ஒன்பதாம் அதிகாரத்தில் மனம் திரும்பியவன் பதின்மூன்றாம் அதிகாரம் வரை சவுல் என்றே அழைக்கப்படுகிறான். அவனுக்கு முதலிலிருந்தே இரண்டு பெயர்கள் இருந்திருக்கின்றன என்றுதான் பெரும்பாலான வேத அறிஞர்கள் சொல்கிறார்கள். ஒரு புதுப் பெயர் வேண்டும் என்று உனக்கே ஆசை இருந்தால் வைத்துக்கொள், சந்தோஷம். உன் அம்மா வைத்த பெயரைச் சொல்லி இயேசு உன்னைக் கூப்பிட மாட்டார் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

பொட்டும் பூவும் அப்படித்தான். எடுக்க வேண்டும் என்று உன் மனச்சாட்சி சொன்னால் எடு. எடுத்தபின் எடுக்காதவளைக் குறைவாகப் பார்க்காதே. சபை அக்காமார்கள் முறைக்கிறார்கள் என்பதற்காக மட்டும் எடுத்தால், மாமியாருக்குப் பயந்ததற்குப் பதிலாக அக்காமார்களுக்குப் பயப்படப் பழகியிருக்கிறாய், அவ்வளவுதான். தாலியைக் கழற்றச் சொன்னால் கேட்காதே. அது உன் கணவர் கட்டியது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்களும் தாலி கட்டித்தானே கல்யாணம் செய்கிறார்கள்?

இந்த இடத்தில் ஓரியூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் சபையில் அந்தப் பெயரை அதிகம் எடுப்பதில்லை, அது கத்தோலிக்கர்களின் தலம் என்று விட்டுவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1647இல் லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ இங்கே வந்து அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பண்டார சாமிகளைப் போல் காவி உடுத்தினார், மீனும் இறைச்சியும் விட்டு மரக்கறி மட்டும் சாப்பிட்டார். சுவிசேஷம் சொல்ல வந்தவர் நம்மைப் போல மாறினார். நாமோ நேற்று விசுவாசத்துக்கு வந்தவளை முதலில் உடையை மாற்று என்கிறோம்.

அவர் மரணத்துக்குக் காரணமான கதையும் உனக்குத் தெரிய வேண்டும். தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் நோயிலிருந்து குணமாகி அருளானந்தரிடம் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவிகள் இருந்தார்கள். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்ட ஒருத்தி ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவள் அவரிடம் போய் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. அந்த மணல் சிவப்பாக இருப்பது அவருடைய இரத்தத்தால்தான் என்று ஜனங்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அருளானந்தரின் தைரியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். நான் அந்தப் பெண்ணையும் நினைக்கிறேன். அவள் கணவருக்குக் கிடைத்த புது வாழ்வு அவளுக்கு வாசலுக்கு வெளியே நிற்கிற வாழ்வாக வந்து சேர்ந்தது. கோபப்படாமல் என்ன செய்வாள்? உன் மாமியார் “நீ நம்ம ஆளு இல்ல” என்று சொல்லும்போது அதில் திட்டு மட்டும் இருக்கிறதா என்று கொஞ்சம் யோசி. போன தை அமாவாசைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு அக்னி தீர்த்தத்துக்குப் போய் வந்தவர் அவர். நாளைக்குத் தனக்கு யார் செய்வார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கும். பேரப்பிள்ளைகளும் தன்னை விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை நீ வசனம் சொல்லி ஜெயிக்க முடியாது.

அடுத்த அமாவாசைக்குச் சமைக்கலாமா, படைக்கும்போது நிற்கலாமா என்று நீ கேட்பாய். இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தை மகளை வாசிக்கச் சொல். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் யோர்தானில் முழுகிக் குஷ்டம் நீங்கி, இனிமேல் கர்த்தருக்கே பலி செலுத்துவேன் என்கிறான். உடனே ஒரு சிக்கலையும் சொல்கிறான். என் ராஜா ரிம்மோன் கோவிலில் பணியும்போது என் கையின்மேல் சாய்ந்துகொள்வார், அப்போது நானும் குனிய வேண்டிவருமே, கர்த்தர் அதை எனக்கு மன்னிப்பாரா? எலிசா நீண்ட பட்டியல் எதுவும் கொடுக்கவில்லை. “சமாதானத்தோடே போ” என்றான். நாகமானின் மனம் யாரிடம் இருக்கிறது என்று தீர்க்கதரிசிக்குத் தெரிந்திருந்தது.

என் எண்ணத்தைச் சொல்கிறேன், இதில் உன் பாஸ்டருக்கு வேறு கருத்து இருக்கலாம். நீ கும்பிட வேண்டாம். ஏன் கும்பிடவில்லை என்று கேட்டால் மறைக்காமல் சொல். ஆனால் காய் நறுக்கு, சோறு வடி, வந்தவர்களுக்குப் பரிமாறு. சாகப்போகிற காலத்தில் தன்னை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று பயப்படுகிற அம்மாவை, உயிரோடு இருக்கும்போதே நன்றாகப் பார்த்துக்கொள். தன் வீட்டாரைப் பார்க்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறது. நம் கூட்டங்களில் இந்த வசனத்தை ஏனோ அடிக்கடி எடுப்பதில்லை.

கணவரைப் பற்றி ஒன்றுதான். அவர் உன்னோடு வாழச் சம்மதமாக இருக்கிறார், அதனால் பிரிவு என்ற பேச்சே வேண்டாம். முதலாம் கொரிந்தியர் ஏழாம் அதிகாரம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. கூட்டத்துக்கு இழுக்காதே.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. பாசி எடுக்கிற நாள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றுகிற கணக்கில் வருகிறது, சபை காலண்டர் பார்த்து வருவதில்லை. ஞாயிறு அன்று வற்றினால் போ. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, பாறையில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் நேரத்திலும் நீ அவருடைய மகள்தான். சாயங்காலம் நாம் உட்கார்ந்து ஜெபிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. யூதன் கிரேக்கன், அடிமை சுயாதீனன் என்ற பிரிவு இல்லை என்று கலாத்தியரில் வாசிக்கிறோம். வாசித்துவிட்டுப் பெண் பார்க்கும்போது சாதி கேட்கிறோம். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற ஊர்களும் உண்டு. உன்னிடமும் யாராவது கேட்பார்கள், அது உனக்கு வலிக்கும். அது கிறிஸ்துவின் குரல் இல்லை என்று தெரிந்துகொள். அரசாங்கக் காகிதமும் சிலருக்குப் பெரிய பாரம். 1950ஆம் ஆண்டு உத்தரவின்படி பட்டியல் சாதிச் சலுகை முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார்கள். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் இதை மாற்றக் கேட்டுத் தீர்மானம் போட்டது. மகளின் சான்றிதழ் விஷயத்தில் யார் பேச்சையும் கேட்டு அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போடாதே. விவரம் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்.

கடைசியாக மாற்கு ஐந்தாம் அதிகாரம். அசுத்த ஆவி பிடித்துக் கல்லறைகளில் கிடந்தவனை இயேசு குணமாக்கினார். அவன் உம்மோடேகூட வருகிறேன் என்று கெஞ்சினான். அவர் அவனைப் படவில் ஏற்றிக்கொள்ளவில்லை. “உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப் போய்” உனக்குக் கிடைத்த இரக்கத்தைச் சொல் என்று அனுப்பினார். வீட்டை விட்டு எங்காவது ஊழியத்துக்குப் போய்விடலாமா என்று போன மாதம் கேட்டாயே, அதற்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மாமியாரின் கண்ணில் புரை முற்றிவிட்டது என்றாய். புதன்கிழமை ராமநாதபுரத்தில் காட்டலாம், நானும் வருகிறேன். காலை ஏழு மணிக்கு மண்டபம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். அவருடைய பழைய சீட்டுகளையும் ஆதாரையும் மறக்காமல் எடுத்து வா. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவர் உட்காரட்டும், வாந்தி வரும் என்று சொல்லியிருக்கிறாய்.

உன் அக்கா