புட்டு ஏன் பேப்பரிலேயே போகிறான்?

கோவை
அக்டோபர் 6

அன்புள்ள விஜி,

கடிதம் கிடைத்தது. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் ஊற்று. நீ கேட்டிருக்கும் இன்னொரு விஷயத்துக்கும் முக்கால்வாசி மருந்து கடிகாரம்தான்.

குட்டைக் காலும் நீள உடம்புமான டாஷண்ட் நாய்க்குட்டிக்குப் புட்டு என்று பெயர் வைத்த உன் மகளுக்கு ஒரு சபாஷ். குழாயிலிருந்து தள்ளிய மாதிரியேதான் இருப்பான். "மொட்டை மாடியில் இருபது நிமிஷம் நின்றாலும் ஒரு சொட்டு விடமாட்டான், கீழே வந்த மறு நிமிஷம் மாமனார் படித்துப் போட்ட பேப்பர் மேல் போய்விடுகிறான், அவ்வளவு திமிர்" என்று எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தில் நாலு வரி தள்ளி, ஏழு வாரம் வரைக்கும் அவன் கம்பிக் கூண்டில் பேப்பர் விரித்து வளர்ந்தவன் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் சேர்த்துப் படி. காலுக்கடியில் எது இருக்கும்போது போக வேண்டும் என்பதைக் குட்டிகள் அந்த முதல் சில வாரங்களிலேயே பிடித்துக்கொள்கின்றன. சிமெண்ட் தளம் அவனுக்கு ஓடி விளையாடும் இடம். பேப்பர்தான் கக்கூஸ். சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்கிற பிள்ளையைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருக்கிறாய்.

அவன் சாது என்று சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் பேட்ஜர் என்கிற, மண்ணைத் தோண்டி வாழும் பிராணியின் வளைக்குள் தனியாக இறங்கி, எஜமான் குரல் எட்டாத இடத்தில் தானே முடிவெடுத்து வேலை செய்ய வளர்த்த ஜாதி அது. அந்த ஜெர்மன் பெயரின் முன்பாதியான 'டாக்ஸ்' என்றால் பேட்ஜர்தான். எனக்கு என்ன லாபம் என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்வான். அதட்டல் எடுபடாது, கூலி எடுபடும்.

முதல் வேலை, இன்றைக்கே மாமனாரிடம் சொல்லிவிடு: படித்த பேப்பர் தரைக்கு வரக்கூடாது. கால்மிதி, குளியலறை வாசலில் போடும் துண்டு எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்கு மேலே தூக்கி வை. கடையில் விற்கிற யூரின் பேட் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பேட்டுக்கும் கால்மிதிக்கும் அவன் பாதத்துக்கு வித்தியாசம் தெரியாது. இப்போது சுலபமாக இருக்கும், பிறகு பேட்டை மறக்க வைப்பது தனி வேலை.

பேப்பரை அவனிடமிருந்து பிடுங்காதே, இடத்தை மாற்று. இரண்டடிக்கு மூன்றடி பிளாஸ்டிக் தட்டு ஒன்று வாங்கு. விளிம்பு இரண்டு அங்குலத்துக்கு மேல் இருந்தால் அந்தக் குட்டைக் காலுக்கு ஏறச் சிரமம். அடியில் ஓட்டை போட்டு, மணல் கலந்த மண் நிரப்பி, மேலே நர்சரியில் சதுரமாக வெட்டித் தரும் புல்லை விரி. தட்டு மொட்டை மாடியில் ஒரே மூலையில் இருக்கட்டும். அதன் மேல் ஒரு முழுத் தாள் பேப்பர், அந்தத் தாளின் நடுவில் அவன் ஏற்கனவே நனைத்த பேப்பரிலிருந்து கிழித்த ஒரு துண்டு. அந்த வாசனைதான் அவனுக்கு முகவரிப் பலகை. நாலைந்து நாள் தவறாமல் அங்கே போனால் பாதித் தாள், அப்புறம் கால் தாள், கடைசியில் போஸ்ட் கார்டு அளவு. எந்த அளவில் தடுமாறுகிறானோ, அதற்கு முந்தைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் நில். அவசரப்பட்டுத் தாளை ஒரேயடியாக எடுத்துவிட்டு, "திரும்பவும் ஆரம்பித்துவிட்டான்" என்று எழுதாதே. புல்லை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். தினம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் நாற்றம் கட்டுப்படும்.

இனி நேரக் கணக்கு. வயது மாதத்தோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம் தாங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சும்மா படுத்திருக்கும் குட்டிக்கு. சின்ன ஜாதிக்கு அதிலும் ஒரு மணி நேரம் குறைத்துக்கொள். பதினாலு வாரப் புட்டு தூங்கும்போது மூன்று, மூன்றரை மணி நேரம் தாங்கலாம். விழித்து விளையாடுகிறான் என்றால் முக்கால் மணிக்கு ஒருதரம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அது போக, தூங்கி எழுந்த உடனே, விளையாட்டு முடிந்த உடனே, சாப்பிட்டுப் பத்து முதல் இருபது நிமிஷத்துக்குள். வயிற்றில் சாப்பாடு இறங்கினால் குடல் தானாக அசையும், அதனால்தான் இந்தக் கடைசிக் கணக்கு அநேகமாகப் பொய்க்காது. சாப்பாடு காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஏழு என்று வைத்து, பதினைந்து நிமிஷத்தில் தட்டை எடுத்துவிடு. நாள் முழுக்க கிண்ணத்தில் தீனி கிடந்தால் எப்போது போவான் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ராத்திரி ஈரம் பண்ணுகிறான் என்று சாயங்காலச் சாப்பாட்டை மட்டும் நிறுத்திவிடாதே. சின்னக் குட்டிகளுக்குப் பட்டினியில் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். சென்னை வெக்கையில் பகலில் தண்ணீரையும் குறைக்காதே, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கிண்ணத்தை எடுத்தால் போதும். இரவு பத்தரைக்கு ஒருமுறை, இரண்டு மணிக்கு அலாரம் வைத்து ஒருமுறை. அந்த இரண்டு மணிப் பயணத்தில் பேச்சு, கொஞ்சல், பெரிய லைட் எதுவும் கூடாது. இல்லாவிட்டால் விளையாட்டுக்காகவே எழுப்ப ஆரம்பித்துவிடுவான்.

மாடிக்குத் தூக்கிப் போகும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்பக்கத்துக்கடியில், முதுகு படுக்கைவசமாக இருக்கட்டும். அக்குளில் பிடித்துத் தொங்கவிடாதே. நீள முதுகுக்காரர்களுக்கு முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டில் கோளாறு வருவது இந்த ஜாதியின் சாபம். படிக்கட்டும் கூடாது, லிஃப்ட் இருக்கிறதே.

மேலே போனதும் கயிற்றோடு தட்டருகில் நின்று ஒரே வார்த்தை சொல். உன் வீட்டில் நீ "மூச்சா போ" என்பாய், மகள் "சூசூ" என்பாள், மாமனார் "ஒண்ணுக்கு" என்பார். மூன்றில் ஒன்றை முடிவு செய்யுங்கள். அப்புறம் சிலை மாதிரி நில். போன் பார்க்கலாம், அவனோடு பேசக்கூடாது. மூக்கைத் தரையோடு தேய்த்து, வட்டமடித்து, பின்பக்கத்தைத் தாழ்த்தினால் வேலை நடக்கப்போகிறது. முடிக்கும் வரை வாயைத் திறக்காதே, பாதியில் பாராட்டினால் மீதியை அடக்கிக்கொண்டு உன்னிடம் ஓடி வருவான், அந்த மீதி ஹாலில் விழும். முடித்த இரண்டு விநாடிக்குள், அங்கேயே, வேகவைத்த கோழியில் மிளகளவு ஒரு துண்டு. கீழே சமையலறைக்கு வந்து கொடுத்தால், லிஃப்டில் வந்ததற்குக் கூலி என்றுதான் எடுத்துக்கொள்வான். கோழி வெங்காயம் போடாமல் வெந்ததாக இருக்கட்டும். உலர் திராட்சை கொடுக்கவே கூடாது.

இதில் எல்லாரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் "நல்லதாப் போச்சு" என்று உடனே கீழே இறங்கிவிடுகிறோம். காற்றும் காக்காயும் வேடிக்கையும் நிறைந்த மாடி, போனால் முடிந்துவிடும் என்று புட்டு கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகாது. அப்புறம் இருபது நிமிஷம் அடக்குவான். கணக்கைத் திருப்பிப் போடு. போனால் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பத்து நிமிஷம் விளையாட்டு. ஐந்து நிமிஷத்தில் போகவில்லையா, பேசாமல் தூக்கிக் கீழே கொண்டு வந்து கூண்டிலோ மடியிலோ வை, கால் மணியில் திரும்ப மேலே. அந்தக் கால் மணி நேரம் தரையில் விட்டால் தோற்றாய்.

கூண்டு நின்று, திரும்பி, நீட்டிப் படுக்கிற அளவு போதும். 24 அங்குல நீளத்தில் ஆரம்பி. வளர்ந்த பிறகும் உதவட்டும் என்று பெரிதாக வாங்கியிருந்தால் அட்டை வைத்துத் தடு. இல்லையேல் ஒரு மூலை படுக்கையறை, ஒரு மூலை கக்கூஸ். உன் குட்டி கூண்டிலேயே போய்ப் பழகியவன் என்பதால், படுத்த இடத்தை நனைக்கக் கூசும் இயல்பு அவனிடம் குறைந்திருக்கலாம். ஒரு வாரம் பார், கூண்டிலும் போகிறான் என்றால் அதைத் தூங்க மட்டும் வைத்துக்கொள். விழித்திருக்கும்போது ஆறடிக் கயிற்றின் மறுமுனையை உன் இடுப்பில் கட்டிக்கொள். சோபா பின்னால் ஒரு ஸ்பூன் அளவு போய்விட்டு வருகிற வேலை நடக்காது. பெரிய நாயின் குளம் கண்ணில் படும், இவன் குட்டை படாது. வீட்டைப் பழகிவிட்டான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க அலமாரிக்கடியில் ஒரு மாத வாசனை சேர்ந்திருக்கும்.

போய்விட்டால் தேய்க்காதே, பழைய துணியால் அழுத்தி ஒற்று. பினாயில் நம் மூக்கை ஏமாற்றும், அவன் மூக்கை ஏமாற்றாது. அதுவும் அவன் நக்குகிற தரையில் வேண்டாம். செல்லப்பிராணிக் கடையில் மூத்திர வாசனையையே சிதைக்கிற என்சைம் கிளீனர் கிடைக்கும். டைல்ஸ் இடுக்கில் ஊறும்படி ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் ஈரமாகவே விட்டு அப்புறம் துடை. ஊற்றிய கையோடு துடைத்தால் காசுதான் வீண். டைல்ஸ் தரைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி பரவாயில்லை, பூஜையறை மொசைக்கில் வினிகர் படக்கூடாது, பளபளப்பு போய்விடும். பிளீச்சிங் பவுடரை இதன் பக்கத்திலேயே கொண்டு வராதே, வினிகரோடு சேர்ந்தால் விஷவாயு. வேலைக்கு வரும் அக்காவிடமும் சொல்லிவை.

மூக்கைப் பிடித்துத் தேய்க்கச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காதே. அதில் அவன் கற்பது, ஆள் பார்க்கும்போது போகக்கூடாது என்பது ஒன்றுதான். அப்புறம் மாடியில் நீ பக்கத்தில் நின்றாலும் போகமாட்டான். கையும் களவுமாகப் பிடித்தால் ஒரு கைதட்டு, தூக்கு, மேலே ஓடு. உன் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்ததும் அவர் செருப்பின் மேல் விடுகிறானே, அது வேறு கதை. சந்தோஷத்தில் தானாக வருவது. அவர் குனியாமல், கண்டுகொள்ளாமல் உள்ளே போய், ஐந்து நிமிஷம் கழித்துக் கொஞ்சட்டும். வளர வளரப் போய்விடும்.

பதினாறாவது வாரம் கடைசித் தடுப்பூசி போட்டு, டாக்டர் சரி என்று சொல்லும் வரை தெருமண் வேண்டாம். குட்டிகளுக்கு உயிரை எடுக்கும் பேதியைக் கொண்டுவரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். வயிறு தரையிலிருந்து இரண்டு அங்குலம் என்றால் ஈரப்புல் யாருக்குத்தான் பிடிக்கும்? தட்டை இப்போதே மாடிப்படித் தலைப்பின் ஷேடுக்கடியில் வைத்துவிடு. இடத்தை நடுவில் மாற்றினால் பாடம் மறுபடி முதலிலிருந்து.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தவன் திடீரென்று கால் மணிக்கொருதரம் சொட்டுச் சொட்டாகப் போனால், முக்கினால், நக்கிக்கொண்டே இருந்தால், ரத்தம் கலந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கொண்டு போ. சுத்தமான பாட்டிலில் காலை மூத்திரம் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போனால் நல்லது. ஆறேழு மாதத்தில் கால் தூக்கி நாற்காலிக் காலுக்கு முத்திரை குத்துவான், கருத்தடை பற்றி அப்போது பேசுவோம். சின்ன ஜாதி முழுசாகத் தேற எட்டு மாதம், சில சமயம் ஒரு வருஷம்கூட ஆகும்.

தினசரி காலண்டர் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டான், எப்போது, எங்கே போனான் என்று இரண்டு வாரம் குறித்து எனக்கு அனுப்பு. உள்ளே நடந்ததைச் சிவப்பில் எழுது. எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்திருந்தால் அதற்குக் கால் மணி முன்னால் ஒரு மாடிப் பயணம் சேர்த்தால் தீர்ந்தது. மாமியார் கண்ணுக்கு ஒரு மாதம் அவன் முகத்தருகில் தாவாமல் பார்த்துக்கொள், கட்டு அவிழ்த்ததும் எழுது.

அன்புடன்,
ராஜி