பழைய போனுக்கும் கதவைத் திறந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருத்துறைப்பூண்டியில் 14 வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் பின் இவற்றை மாற்றுவதுதான் என் பிழைப்பு. இப்போதெல்லாம் என்னால் சரிசெய்ய முடியாத ஒரு பழுதோடு போன்கள் வருகின்றன. போன் நன்றாகத்தான் இருக்கும். ஆப் மட்டும் ஓடாது.

போன மாதம் பூ கட்டி விற்கும் ஓர் அம்மா வந்தார். 2017இல் மகன் வாங்கிக் கொடுத்த போன், ஆண்ட்ராய்டு 7. பின்மூடி நிற்காததால் ரப்பர் பேண்டு போட்டிருந்தார். பேட்டரியை நானே இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். மாதம் 15ஆம் தேதி வாக்கில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டதா என்று வங்கி ஆப்பில் பார்ப்பார். அவருக்கு அதில் வேறு வேலை கிடையாது. அன்றைக்குத் திறந்தால், அப்டேட் செய்தால்தான் உள்ளே போகலாம் என்று ஒரு திரை. பொத்தானை அமுக்கினால் பிளே ஸ்டோர் வருகிறது. அங்கே, உங்கள் போனுக்கு இந்த ஆப் பொருந்தாது என்று போட்டிருக்கிறது. திரும்பி வந்தால் மறுபடி அதே அப்டேட் திரை. "தம்பி, நேத்து வரைக்கும் பாத்தேனே, நான் எதையாச்சும் தப்பா அமுக்கிட்டேனா?" என்று நாலைந்து தடவை கேட்டார். பூக்காம்பின் பச்சை படிந்த விரலால் அந்தப் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். உங்கள் மேல் தப்பில்லை அம்மா என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. மறுநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வங்கிக்குப் போயிருக்கிறார்.

சென்னையில் ஆப் எழுதும் வேலையில் இருக்கும் என் அக்கா மகனிடம் இதைக் கேட்டேன். எந்த ஆண்ட்ராய்டு முதல் ஆப் ஓட வேண்டும் என்பதை ஓர் எண்ணாகக் குறிப்பார்களாம். 21 என்றால் ஆண்ட்ராய்டு 5, 26 என்றால் 8, 29 என்றால் 10. இந்த எண்ணை ஏற்றச் சொல்லி கூகுள் கட்டாயப்படுத்துகிறது என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் கூகுள் பிளே வருடா வருடம் ஏற்றச் சொல்வது 'டார்கெட்' என்ற வேறோர் எண்ணை; எந்தப் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப ஆப் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் குறிப்பது அது. இந்தக் குறைந்தபட்ச எண்ணை வைப்பது ஆப் எழுதுகிறவர்களின் முடிவுதான். அதை ஏற்றினாலும், போனில் ஏற்கெனவே இருக்கும் ஆப் தானாக நின்றுவிடாதாம். அந்த அப்டேட் திரையை யாரோ வைத்ததால்தான் அந்த அம்மாவுக்கு நின்றது. பழைய போனில் இல்லாத வசதியை மட்டும் மறைத்துவிட்டு மற்றதை ஓடவிடவும் முடியும் என்கிறான்.

செய்ய முடியாத காரியமில்லை இது. உலகத்தில் 200 கோடிப் பேருக்கு மேல் வைத்திருக்கும் வாட்ஸ்அப், 2023 அக்டோபர் 24க்குப் பிறகு ஆண்ட்ராய்டு 5க்குக் கீழே உள்ள போன்களில் ஓடாது என்று முன்கூட்டியே அறிவித்தது. ஆண்ட்ராய்டு 5 வந்தது 2014இல். அதாவது ஒன்பது வருடப் பழைய போனை அப்போதும் அவர்கள் கைவிடவில்லை.

பழைய ஆண்ட்ராய்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை, அதில் பணம் அனுப்புவது ஆபத்து என்று வங்கிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களிடம் நானும் அதைச் சொல்கிறேன். சரி, பணம் அனுப்புவதை அந்த போன்களில் நிறுத்திக்கொள்ளுங்கள். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காவது வழி விடுங்கள். பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்ப 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி யுபிஐ 123பே வசதியைத் தொடங்கி வைத்த நாடு இது. தொடுதிரை போன் வைத்திருப்பவருக்கு இருப்பைப் பார்க்கும் வழிகூட இல்லை என்றால் எப்படி? நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் ஆறு மாதம் முன்பே, தமிழில், அந்த ஆப்பிலேயே சொல்லுங்கள். எந்த எண்ணுக்கு போன் செய்து இருப்பைத் தெரிந்துகொள்ளலாம் என்பதையும் அதே இடத்தில் போடுங்கள்.

அக்கா மகன் இன்னொன்றும் சொன்னான். அவன் அலுவலகத்தில் சோதனைக்கு வைத்திருக்கும் போன்களில் மிகப் பழையதே மூன்று வருடத்துக்கு முன் வந்ததாம். என் மேஜை டிராயரில் ஆண்ட்ராய்டு 6, 7, 8 ஓடும் போன்கள் ஐந்தாறு கிடக்கின்றன. எல்லாம் நல்ல நிலையில் உள்ளவை. ஆப் எழுதும் நிறுவனம் எதுவாக இருந்தாலும், சோதித்துப் பார்க்கக் கேட்டால் காசு வாங்காமல் கூரியரில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
செல்போன் பழுது பார்ப்பவர்,
திருத்துறைப்பூண்டி.