2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: ‘புரிந்ததா?’ என்று கேட்பதை நிறுத்தினோம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை நம் சங்கம் செய்த வேலைகளை இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். நிர்வாக விவரங்களை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். செயலவை எட்டு முறை கூடியது. சங்கங்களின் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டிய ஆண்டு விவரங்கள் உரிய காலத்தில் போய்ச் சேர்ந்தன. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கோலாலம்பூர் செந்தூலில் நாம் வைத்திருக்கும் அறைக்கு இந்த ஆண்டும் வாடகை ஏறவில்லை. வீட்டுக்காரருக்கு நன்றி.

புதிய உறுப்பினர்களுக்காக நம் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாலான் மஸ்ஜிட் இந்தியா பக்கம் ஒரு மேசை போட்டு உட்காருகிறோம். கிளினிக்கில் கொடுத்த சீட்டு, மருந்துப் பை, இரத்தப் பரிசோதனைத் தாள், எதைக் கொண்டுவந்தாலும் வாசித்துத் தமிழில் விளக்குகிறோம். மருந்தை மாற்றச் சொல்வதும் நோய்க்குப் பெயர் வைப்பதும் நம் வேலை இல்லை. தேவைப்பட்டால் கிளினிக்குக்குக் கூடவே போகிறோம். உணவகத்திலும் துணிக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பிகள்தான் அதிகம் வருகிறார்கள். அப்புறம் இலங்கைத் தமிழ் அகதிக் குடும்பங்கள், நம்மூர் முதியவர்கள்.

பிப்ரவரியில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆண்டு நம் வேலையின் போக்கை மாற்றியது அதுதான். துணிக்கடையில் வேலை செய்யும் ஒருவர் மேசைக்கு வந்தார். ஊர் புதுக்கோட்டைப் பக்கம், வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். கையில் இரத்தப் பரிசோதனைத் தாள். முகத்தில் நல்ல சந்தோஷம். “ஊரில் இருக்கும்போது சுகர் 250 இருந்தது ஐயா. இங்கே வந்து 14க்கு இறங்கிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டேன்” என்றார்.

இந்தியாவில் சர்க்கரையை மில்லிகிராம் கணக்கில் சொல்கிறார்கள். மலேசியாவில் மில்லிமோல் கணக்கு. இங்கே சொல்லும் எண்ணை 18ஆல் பெருக்கினால்தான் ஊர்க் கணக்கு வரும். 14ஐ 18ஆல் பெருக்கினால் 252. அவர் சர்க்கரை கொஞ்சமும் இறங்கவில்லை. கிளினிக்கில் யாரும் அவருக்குத் தவறாகச் சொல்லவில்லை. தாளில் எண் சரியாகத்தான் அச்சாகியிருந்தது. “பதினான்கு, கொஞ்சம் அதிகம்” என்று தாதி மலாயில் சொல்லியிருக்கிறார். இவரும் தலையாட்டியிருக்கிறார். இரண்டு மாதம் மாத்திரை இல்லாமல் இருந்திருக்கிறார். மறுநாள் காலையிலேயே நம் துணைத்தலைவர் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். இப்போது ஒழுங்காக மருந்து எடுக்கிறார்.

அன்றிலிருந்து மேசையில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறோம். ஒரு பக்கம் இங்குள்ள எண், எதிரே ஊர் எண்: 4க்கு 72, 7க்கு 126, 10க்கு 180, 14க்கு 252. இந்த ஆண்டு நாம் அச்சடித்தவற்றிலேயே அதிகம் பேர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டது இந்த அட்டையைத்தான். கொழுப்புக்கும் அலகு வேறுதான், அதற்குத் தனி அட்டை தயாராகிறது. இரத்த அழுத்தத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை, இரண்டு ஊரிலும் ஒரே கணக்கு.

அதோடு இன்னொன்றும் செய்தோம். ‘புரிந்ததா?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். அப்படிக் கேட்டால் எல்லாரும் ‘புரிந்தது’ என்றுதான் சொல்வார்கள். பெரியவர்கள் முன்னால் ‘புரியவில்லை’ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? இப்போது, “வீட்டுக்குப் போய் இந்த மருந்தை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள், எனக்கு ஒருமுறை சொல்லுங்கள் தம்பி” என்று கேட்கிறோம். அவர் திருப்பிச் சொல்லும்போதுதான் எங்கே தடுக்கிறது என்று தெரிகிறது. நேரம் இரட்டிப்பாகிறது. அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை குறைந்தது. எண்ணிக்கை குறைந்ததைப் பற்றிச் செயலவையில் கேள்வி வந்ததால் இதைப் பதிவு செய்கிறேன். இந்தக் குறைவு எனக்குச் சம்மதமே.

அப்படித் திருப்பிச் சொல்லச் சொன்னதில்தான் ‘காலி’ விஷயம் வெளியே வந்தது. மருந்துப் பையில் ‘2 காலி செஹாரி’ என்று மலாயில் இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று நமக்குச் சொல்லாமலே தெரியும். இங்கே பிறந்து வளர்ந்த காது நம்முடையது. வந்து மூன்று மாதமே ஆன ஓர் உணவகத் தம்பிக்கு, மருந்தகத்தில் சொன்னதில் காதில் விழுந்த ஒரே தெரிந்த சொல் ‘காலி’. காலி வயிற்றில் சாப்பிட வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, வலி மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி, வயிற்றெரிச்சலோடு வந்து நின்றார். பையிலோ ‘செலெபாஸ் மாக்கான்’, அதாவது சாப்பிட்ட பிறகு என்று தெளிவாகவே இருந்தது. இப்போது நம் கையேட்டின் முதல் பக்கத்தில் இருப்பது நோய்களின் பெயர்கள் அல்ல, மருந்துப் பையில் வரும் மலாய்ச் சொற்கள்: செபெலும் மாக்கான் (சாப்பிடும் முன்), செலெபாஸ் மாக்கான் (சாப்பிட்ட பிறகு), பிலா பெர்லு (தேவைப்படும்போது), ஹபிஸ்கான். கடைசிச் சொல் முக்கியம். ‘முடியும்வரை சாப்பிடு’ என்று போட்டிருக்கும் மருந்தைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

நம் பக்கம் நடந்த பிழையையும் சொல்லியாக வேண்டும். மார்ச் மாதம் காசநோய்த் துண்டறிக்கை ஒன்றை மலாயிலிருந்து தமிழாக்கினோம். மலாயில் பேச்சு வழக்கில் காசநோயை ‘பாத்தோக் கெரிங்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் வறட்டு இருமல். அவசரத்தில் அப்படியே ‘வறட்டு இருமல்’ என்று அச்சாகிவிட்டது. யாருக்குத்தான் வறட்டு இருமல் வந்ததில்லை? அதைப் படித்தவர் இஞ்சித் தேநீர் குடித்துவிட்டுப் படுத்திருப்பார். பிழையைக் கண்டுபிடித்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர். மீதியிருந்த தாள்களை எல்லாம் திரும்பப் பெற்றுப் புதிதாக அடித்தோம். அதில் பெரிய எழுத்தில் இரண்டே செய்திகள்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குப் போங்கள், சிகிச்சை தொடங்கினால் குறைந்தது ஆறு மாதம், நடுவில் நிறுத்தக் கூடாது. இனி எந்தத் துண்டறிக்கையும் இரண்டு பேர் பார்க்காமல் அச்சுக்குப் போகாது என்று செயலவை முடிவு செய்திருக்கிறது. அதில் ஒருவர் எந்த ஊர்க்காரருக்காக எழுதுகிறோமோ அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும்.

அந்த இரண்டாவது விதி ஏன் என்றால், ‘தமிழில் போட்டுவிட்டோம்’ என்பதோடு வேலை முடிவதில்லை. நீரிழிவை நாம் ‘இனிப்பு நீர்’ என்போம், மலாயில் ‘கெஞ்சிங் மானிஸ்’ என்பது போல. தமிழ்நாட்டுக்காரர் ‘சுகர்’ என்பார். யாழ்ப்பாணத்து அம்மா ‘சலரோகம்’ என்பார். நீரிழிவு என்றால் படித்தவர்களுக்கு விளங்கும். ஒருநாள் ஓர் இலங்கை அக்கா, “மகனுக்கு மூன்று நாளாக வருத்தம், சத்தியும் எடுக்கிறான்” என்றார். பையன் எதற்கோ கவலையாக இருக்கிறான் என்று நம் இளம் தொண்டர் நினைத்து ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டார். அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய், சத்தி என்றால் வாந்தி. நல்ல வேளை, பக்கத்தில் இருந்தவர் திருத்தினார். இப்போது கையேட்டில் ஒவ்வொரு நோய்க்கும் மூன்று ஊர்ச் சொற்களையும் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறோம். எது சரியான தமிழ் என்ற வாதத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

டிங்கி, அதாவது டெங்குக் காய்ச்சலைப் பற்றி. 2023இல் நாடு முழுவதும் 120,000க்கு மேற்பட்ட டிங்கிச் சம்பவங்கள். கோலாலம்பூரும் சிலாங்கூரும் அதில் எப்போதும் முன்னால். கொங்சி எனப்படும் தொழிலாளர் கொட்டகையிலும் கடைவீட்டு மாடியிலும் பத்துப் பதினைந்து பேராகத் தங்குகிறவர்களிடம் இரண்டு செய்திகளைத் திரும்பத் திரும்பச் சொன்னோம். முதலாவது, காய்ச்சல் இறங்குவது குணமாகிவிட்டதற்கு அடையாளம் இல்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், எழ முடியாத சோர்வு, இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. ‘காய்ச்சல் விட்டது, வேலைக்கு வா’ என்று கூப்பிடும் முதலாளிகளுக்கும் இதையே சொன்னோம். சிலர் கேட்டார்கள். சிலர் கேட்கவில்லை.

இரண்டாவது, மாத்திரைப் பெயர். ஊரிலிருந்து எல்லாரும் பெட்டியில் டோலோ 650 கொண்டுவருகிறார்கள். இங்கே கிளினிக்கில் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், வேளைக்கு இரண்டு கொடுப்பார்கள். இரண்டும் ஒரே மருந்து என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து நான்கு வேளை போட்டால் ஒரு நாளைக்கு 6,600 மில்லிகிராம். பெரியவர்களுக்கு 4,000தான் உச்ச அளவு. டிங்கியில் ஏற்கெனவே களைத்துப்போன ஈரலுக்கு இது எவ்வளவு பெரிய சுமை! டிங்கிக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் கூடாது, இரத்தக்கசிவு வரலாம் என்பதையும் அதோடு சொன்னோம். எழுதிக் கொடுத்ததைவிட, அக்கா ஒருவர் பேசிப் பதிவு செய்த ஒரு நிமிட வாட்ஸ்அப் குரல்செய்திதான் அதிகம் பரவியது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர்களுக்குத் துண்டறிக்கை கொடுப்பதில் என் நம்பிக்கை இந்த ஆண்டு மிகவும் குறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 23ஆம் தேதி ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் நிலம் உள்வாங்கி, இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்த அம்மையார் ஒருவர் உள்ளே விழுந்த துயரம் நம் எல்லார் மனத்திலும் இருக்கிறது. அந்த வாரங்களில் மேசை போடவில்லை. பதிலாகத் தொழிலாளர்களின் தங்குமிடங்களுக்கே போனோம். போன இடத்தில்தான் பயம் எவ்வளவு ஆழமானது என்று தெரிந்தது. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது அதே சாலையில் சிலாங்கூர் மென்ஷனும் மலாயன் மென்ஷனும் முள்கம்பியால் அடைக்கப்பட்டு, பிறகு மே 1ஆம் தேதி குடிநுழைவுத் துறை வந்து ஆவணமில்லாதவர்களைப் பிடித்துப்போனதை அவர்கள் மறக்கவில்லை. ஆவணமில்லாத நோயாளியைப் பற்றி மருத்துவமனைகள் தகவல் கொடுக்க வேண்டும் என்ற 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும் காதுவழியாக எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ‘தயங்காமல் கிளினிக்குக்குப் போங்கள்’ என்று சுவரொட்டியில் எழுதுவது சுலபம். அந்த அறையில் பாயில் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. பொய் நம்பிக்கை எதையும் நாம் கொடுக்கவில்லை. உள்ள நிலைமையைச் சொன்னோம்.

முறையான பெர்மிட் உள்ளவர்களுக்கே தங்கள் உரிமை தெரியவில்லை என்பது இன்னொரு வேதனை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மருத்துவமனைக் காப்பீடு 2011 முதல் இருக்கிறது. வேலையிட விபத்துக்கு 2019 முதல் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பு உண்டு, 2024 ஜூலை முதல் உடல் இயலாமைத் திட்டமும் சேர்ந்திருக்கிறது. ஐ.நா. அகதி அட்டை வைத்திருப்பவர்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. விரல் நசுங்கி வந்த ஒருவர், சொந்தக் காசில் கட்டிய பில்லை நம்மிடம் காட்டினார். சொக்சோ என்ற சொல்லையே அவர் அன்றுதான் கேட்டார்.

பெண்கள் பகுதியிலிருந்து வந்த ஒரு கோரிக்கையைச் செயலவை ஏற்றது. அகதிக் குடும்பங்களில் மலாய் பேசத் தெரிந்தவர்கள் பிள்ளைகள்தான். அம்மாவின் மாதவிடாய்ப் பிரச்சினையைப் பதினோரு வயது மகன் மருத்துவரிடம் மொழிபெயர்த்திருக்கிறான். அந்தத் தாய் பாதியைச் சொல்லவே இல்லை. இனி பெண்களுக்குக் கூடப் போவது பெண்தான். நான்கு அக்காமார்கள் முறைபோட்டு வருகிறார்கள். வேலைக்கு விடுப்பு எடுத்து வருகிறார்கள் என்பதைச் சபை அறிய வேண்டும்.

சென்ற கூட்டத்தில் ஓர் அண்ணன், நம்மவர்களே கஷ்டப்படும்போது வந்தவர்களுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சுகாதார அமைச்சின் 2019 ஆய்வில் இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு. மூன்றில் ஒரு மலேசியருக்கு மருத்துவத் தகவலைப் புரிந்து பயன்படுத்துவதே சிரமம். அதனால்தான் மேசைக்கு வரும் நம்மூர் தாத்தா பாட்டிகளுக்கும் அதே கையேடு, அதே நேரம். யாரையும் வரிசையிலிருந்து விலக்கவில்லை. அப்புறம், தோட்டத்தில் காய்ச்சலில் கிடந்த என் பாட்டனாருக்குத் தமிழ் பேசும் ஒரு டிரெசர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர், இருந்தார். மாத்திரையை எப்படி விழுங்க வேண்டும் என்று அவர் மொழியிலேயே சொல்ல ஆள் இருந்தது. அந்த உதவியைத்தான் நாம் செய்கிறோம் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் இப்போது மாதம் ஒருமுறை கார் ஓட்டி உதவுகிறார்.

செய்ய முடியாமல் போனவை: நேபாள, வங்காளத் தொழிலாளர்களும் மேசைக்கு வருகிறார்கள், சர்க்கரை அட்டையைக் கேட்கிறார்கள். மொழி தெரிந்த ஆள் நம்மிடம் இல்லை. கைச்சாடையில் மருந்து விளக்கக் கூடாது என்பதால் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இது என் பொறுப்பில் நின்றுபோன வேலை. வரும் ஆண்டில் வேறு சங்கங்களோடு பேசி, அந்தந்த மொழிக்காரர்கள் சரிபார்த்த பிறகே அட்டையைப் போடுவோம். நோன்பு மாதத்துக்கு முன்பே, நோன்பு வைக்கும் நீரிழிவுக்காரர்களுக்கான குரல்செய்தியும் தயாராக வேண்டும். சர்க்கரை 3.9க்குக் கீழே போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதை இந்த ஆண்டு தாமதமாகத்தான் சொல்ல முடிந்தது.

பிப்ரவரியில் ஞாயிறு மேசைக்கு இன்னும் இரண்டு பேர் குறைகிறார்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
கோலாலம்பூர்