மைனஸ் 80 பெட்டிக்கும் ஜெனரேட்டர் லைன் கொடுங்க: ஆய்வு நிலைய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் போன வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு நின்ற கரண்ட் மாலை 5 மணிக்கு வந்துவிட்டது. வந்த வேகத்தில் வைரஸ் ஆய்வகத்தில் மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் வைக்கும் உறைபெட்டியின் ஸ்டெபிலைசர் ட்ரிப் ஆனது. அலாரத்தின் பேட்டரி செத்து எத்தனை நாளோ. திங்கட்கிழமை கதவைத் திறந்தால் தட்டுகளில் தண்ணீர்.

உருகிய மாதிரிகளைப் பற்றிச் சொன்னால், "மறுபடி உறைய வைத்துக்கொள்ளலாமே" என்று பதில் வந்தது. முடியாதுங்க.

ஃப்ளூ வைரஸுக்குத் தன் ஆர்என்ஏவுக்குத் தொப்பி (அதன் முன்முனையை மூடும் வேதிக் காப்பு) போடத் தெரியாது. டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதும் செல்லின் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 படியெடுக்கத் தொடங்கும்போது அதன் வாலில் 5ஆம் இடத்துச் செரினில் பாஸ்பேட் ஏறும். வைரஸின் பாலிமரேஸ் அங்கே ஒட்டிக்கொண்டு, முளைக்கும் ஆர்என்ஏவின் தொப்பியைச் சுமார் 10 முதல் 13 எழுத்துகளோடு வெட்டி எடுக்கிறது. தொற்று முற்றும்போது செல்லின் அந்த பாலிமரேஸ் 2 நொதியே குறைகிறது. எந்த மணியில், எவ்வளவு? அதைப் பார்க்கத்தான் 2, 4, 6, 8 மணி நேரங்களில் செல்களை ஐஸில் உடைத்து, பாஸ்பேட் கழலாமல் காக்கும் சோடியம் ஃபுளோரைடும், புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் நொதிகளுக்குத் தடுப்பானும் சேர்த்து வைத்திருந்தோம்.

புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் 6 சதவீத ஜெல்லில் ஓட்டினால் அந்த நொதியின் பெரிய துணையலகு இரண்டு பட்டையாகத் தெரியும்: பாஸ்பேட் ஏறியது மேலே, ஏறாதது சற்றுக் கீழே. உருகிக் கிடந்த குழாயில் பாஸ்பேட் கழன்று மேல்பட்டை இறங்கும். புரோட்டியேஸ் வாலைக் கத்தரித்தால் 180 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் இன்னொரு பட்டை முளைக்கும். பிறகு எல்லாமே மங்கும். தொற்றில்லாத குழாயும் மங்கியிருப்பதால் மாதிரி கெட்டது தெரிகிறது; வைரஸ் தின்றது எவ்வளவு, மின்தடை தின்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, பட்டைகளை அடையாளம் காட்டும் எந்த ஆன்டிபாடியும் கிடையாது.

விருந்தினர் அறை ஏசி அன்றைக்கும் ஜெனரேட்டரில் ஜில்லென்றுதான் ஓடியது. ஆலப்புழையில் பறவைக் காய்ச்சலில் வாத்துகள் செத்தால் வாளையாறு சோதனைச்சாவடியில் லாரிகளுக்கு மருந்தடிப்பார்கள், நாமக்கல் பண்ணைக்காரர்கள் தூக்கம் தொலைப்பார்கள், "உங்கள் ஆய்வு எந்த அளவில் இருக்கிறது?" என்று நீங்களும் கேட்பீர்கள். தட்டில் தண்ணீராக இருக்கிறது என்றா எழுதுவது?

புது ஜெனரேட்டர் கேட்கவில்லை. இருப்பதிலிருந்தே ஒரு தனி லைன், தானாக மாறும் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச், கரண்ட் திரும்பியதும் சில நிமிடம் பொறுத்துத் தானே ஆன் ஆகும் ஸ்டெபிலைசர், காவலர் போனுக்கு அழைக்கும் அலாரம். பெட்டிக்கு அந்த லைன் வரும்வரை, பராமரிப்பு நாள்களில் உலர்பனிக்கட்டி வாங்க முன்கூட்டியே ஒப்புதல்.

அடுத்த மாதப் பராமரிப்புத் தேதிக்கு முன்பாக அந்த லைனைக் கொடுத்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோமுங்க.

இப்படிக்கு,
வைரஸ் ஆய்வகத்தார்