பாக்கியைக் கம்பெனிகளே எழுதித் தருகின்றன: பெருநிறுவன விவகாரங்கள் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருநிறுவன விவகாரங்கள் அமைச்சகத்தின் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் பம்புசெட்டு, மோட்டார் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க், அதாவது கம்பெனிகள் தரும் ஆர்டரின்படி கூலிக்குக் கடைசல் வேலை, செய்து தரும் லேத் பட்டறைக்காரர்களில் ஒருவனாக இம்மடலை எழுதுகிறேன். எங்களைக் காக்கச் சட்டம் இல்லை என்பது எங்கள் குறையன்று. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்ட 15 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தால் அதில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மிகாமலும் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தந்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் கூறுகிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி வீதமான வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் அசலோடு சேர்த்துக் கணக்கிட்டுத் தர வேண்டும். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காத கம்பெனி அதை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஆனால் நடைமுறையில், இரண்டு மாதம் கழித்துப் பணம் கேட்டுப் போகும் அன்றுதான் பாதிச் சரக்கு ரிஜெக்‌ஷன் என்று டெபிட் நோட்டு, அதாவது பில் தொகையைக் குறைக்கும் சீட்டு, எங்கள் கைக்கு வருகிறது.

இவ்வளவு உரிமைகளையும் நிலைநாட்ட அந்தச் சட்டம் காட்டும் வாசல், இத்தகைய பாக்கி வழக்குகளை விசாரிக்கும் மாநில அரசின் வசதியாக்கக் கவுன்சில். அங்கே பாதிக்கப்பட்டவரே மனுப் போட வேண்டும். 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பதும், தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் கம்பெனி தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்பதும் நல்ல விதிகளே. ஆயினும் மனுப் போட்ட மறுநாள் ஆர்டர் நின்றுவிடும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒரே கம்பெனியின் வேலையை நம்பிக் கடனில் சிஎன்சி (கணினியால் இயங்கும்) எந்திரம் வாங்கிப் போட்டவர், அந்தக் கம்பெனியை எதிர்த்து எப்படி மனுப் போடுவார்? பணம் வராவிட்டாலும் பில் போட்டதற்கான ஜிஎஸ்டியை அவர் அடுத்த மாதமே கட்டித்தான் ஆக வேண்டும். வங்கித் தவணையும் காத்திருக்காது. எனவே அவர் வாய்மூடி இருக்கிறார், அல்லது வேலையே கைவிட்டுப் போன பிறகு மனுப் போடுகிறார்.

வருமான வரிச் சட்டத்தில் 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் சேர்த்த 43பி(எச்) பிரிவு இந்த நிலையை மாற்றும் என்று நம்பினோம். கெடு தாண்டிய பாக்கியை, அது உண்மையில் செலுத்தப்பட்ட ஆண்டில்தான் கம்பெனி தன் வருமானத்திலிருந்து செலவாகக் கழிக்க முடியும் என்றது அது. ஆனால் ஏப்ரலில் போட்ட பில்லுக்கு அடுத்த மார்ச்சில் பணம் கொடுத்தாலும் அதே நிதியாண்டுக்குள் வந்துவிடுவதால் கம்பெனிக்கு வரி நட்டமில்லை. பதினோரு மாதத் தாமதத்தை வரிச் சட்டம் கண்டுகொள்ளாது. போதாக்குறைக்கு, குறு, சிறு நிறுவனம் என்று காட்டும் அரசின் உத்யம் பதிவை விட்டுவிட்டால் ஆர்டர் தொடரும் என்று சப்ளையர்களிடம் வாய்மொழியாகச் சொன்ன கம்பெனிகளும் உண்டு.

இனி உங்கள் அமைச்சகத்தின் பொறுப்புக்கு வருகிறேன். 2019 ஜனவரி 22-ஆம் நாள் நீங்கள் பிறப்பித்த ஆணையின்படி, குறு, சிறு சப்ளையர்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள் ஆண்டுக்கு இருமுறை, அக்டோபர் 31-க்குள்ளும் ஏப்ரல் 30-க்குள்ளும், எம்எஸ்எம்இ-1 படிவத்தில் அந்தப் பாக்கியையும் தாமதத்தின் காரணத்தையும் எழுதித் தர வேண்டும். அதாவது, நாங்கள் பயந்து சொல்லாமல் விடுவதைக் கம்பெனிகளே கையெழுத்திட்டு உங்களிடம் ஒப்படைக்கின்றன. படிவம் தராத கம்பெனிக்கு அபராதம் உண்டு. படிவத்தைத் தந்துவிட்டுப் பணத்தைத் தராமல் இருந்தால் அந்த ஆணையின் கீழ் ஒன்றும் இல்லை. தன் பெயர் அந்தப் பட்டியலில் ஏறியிருப்பதைச் சப்ளையருக்குத் தெரிவிக்கவும் ஆணை ஏற்பாடு செய்யவில்லை. ஒப்புதல் வாக்குமூலத்தை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டுப் பாதிக்கப்பட்டவரைப் புகார் கொடுக்கச் சொல்வது என்ன முறை என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது புதிய சட்டம் அன்று, ஆணையில் ஒரு திருத்தம். படிவத்தில் பதியப்பட்ட ஒவ்வொரு பாக்கியும் அந்தந்த மாநில வசதியாக்கக் கவுன்சிலுக்கு உங்கள் கணினி வழியே தானாகப் போய்ச் சேர வேண்டும், சப்ளையரின் உத்யம் பதிவில் உள்ள கைப்பேசிக்கும் ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். சட்டப்படியான வட்டி எவ்வளவு, அது கணக்கில் சேர்க்கப்பட்டதா என்று கம்பெனியைக் கேட்க வேண்டியவர் உங்கள் அமைச்சகத்தின் கீழுள்ள கம்பெனிப் பதிவாளரே. கம்பெனி தன் ஆண்டுக் கணக்கில் அந்த வட்டியைக் காட்ட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. கேள்வி உங்களிடமிருந்து வந்தால், யார் புகார் கொடுத்தது என்று தேடக் கம்பெனிக்கு இடமிருக்காது. கூட்டாண்மை நிறுவனங்களும் தனிநபர் நிறுவனங்களும் இந்த ஆணைக்குள் வராதவை என்பதை அறிவோம். அவற்றுக்கு வேறு வழி காண வேண்டும். ஆனால் எங்கள் பாக்கியில் பெரும்பகுதி கம்பெனிகளிடம்தான் நிற்கிறது.

வரும் அரையாண்டுப் படிவங்களுக்கு முன்பாகவே இத்திருத்தத்தைக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜாப் ஒர்க் பட்டறை உரிமையாளர், கோவை