இன்று சுட்ட கேக் எனக்கு வேண்டாம்

தமிழ்நாட்டின் அடுமனை உரிமையாளர்களுக்கும், அடுப்புச் சூட்டில் நின்று வேலை பார்க்கும் கேக் மாஸ்டர்களுக்கும்,

வணக்கம்.

டிசம்பர் மாதம் முழுவதும் நீங்கள் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைக்கும் பிளம் கேக்கைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். சென்ற ஆண்டு கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு கடையில் அதைக் கேட்டபோது, கல்லாவில் இருந்தவரே தணிந்த குரலில், "சார், இதைச் சும்மா முறைக்குத்தான் வாங்குறாங்க, சாப்பிடுறதுக்குன்னா ஐசிங் கேக் எடுத்துக்குங்க" என்றார். விற்பவருக்கே தன் சரக்கின் மீது மதிப்பில்லாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. நான் வாங்கியது பிளம் கேக்தான். மறுநாள் அலுவலகத்தில் அதை வெட்டிக் கொடுத்தேன். தேநீர் இடைவேளை முடிந்தபின் மேசையில் கிடந்த காகிதத் தட்டுகளைப் பார்த்தால், கேக்கைப் பிய்த்துத் தின்றுவிட்டு, சிவப்பும் பச்சையுமான துண்டுகளை மட்டும் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள், பொங்கலில் மிளகை ஒதுக்குவதைப் போல.

இதை வைத்து மக்களுக்குப் பழ கேக் பிடிக்கவில்லை என்று நீங்கள் முடிவு கட்டினால், அதை நான் ஏற்க மாட்டேன். அவர்கள் ஒதுக்கியது பழத்தையே அல்ல. பப்பாளிக்காயைப் பொடியாக நறுக்கி, வேகவைத்து, சர்க்கரைப் பாகில் போட்டுச் சாயம் ஏற்றிய டூட்டி ஃப்ரூட்டியையும், செர்ரி என்ற பெயரில் பல இடங்களில் புழங்கும், பாகில் ஊறிய களாக்காயையும்தான் அவர்கள் ஒதுக்கினார்கள். பழமும் இனிப்பும் சேர்ந்தால் நம் நாக்குக்கு ஒவ்வாது என்று யாராவது சொன்னால், அவர் பழனிக்குப் போனதில்லை என்றுதான் நினைப்பேன். விருப்பாட்சி வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, நெய், தேன், ஏலக்காய் எல்லாம் கலந்த, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பஞ்சாமிர்தத்தை டப்பா டப்பாவாக வாங்கி வந்து விரலால் வழித்துத் தின்னும் ஊர் இது.

உங்கள் கேக்கில் குறைவது நாள் என்பதே என் எண்ணம். இதைச் சொல்ல எனக்குள்ள தகுதி, பாளையங்கோட்டையில் என் ஆச்சி வைத்திருந்த ஒரு பீங்கான் ஜாடி மட்டுமே. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் அது பரணிலிருந்து இறங்கும். கழுவி வெயிலில் காயவைத்த ஜாடியில், காம்பு கிள்ளிய கருந்திராட்சை, கொட்டை நீக்கி நறுக்கிய பேரீச்சை, பாகில் வேகவைத்த ஆரஞ்சுத் தோல், இஞ்சி முரப்பா எல்லாவற்றையும் போட்டு, வீட்டிலேயே போட்ட திராட்சை ரசத்தை அவை மூழ்கும்வரை ஊற்றி, வாயைத் துணியால் கட்டி வைப்பார். (மது என்ற சொல்லே வீட்டுக்குள் வரக்கூடாது என்றிருந்த அதே ஆச்சிதான் இதையும் செய்தார். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்கும் துணிவு எங்களில் யாருக்கும் இருந்ததில்லை.) வாரம் ஒருமுறை ஈரமில்லாத மரக்கரண்டியால் கிளறும்போது நாங்கள் வரிசையாக நின்று மூக்கை நீட்டுவோம். முதல் வாரத்தில் புளித்த வாடைதான் தூக்கலாக இருக்கும். ஐந்தாம் வாரத்தில் திராட்சை எது, இஞ்சி எது என்று பிரிக்க முடியாத ஒரே வாசனையாகிவிடும்.

நவம்பர் கடைசியில் மாவைக் கலந்து, அலுமினியத் தட்டுகளில் ஊற்றி, சைக்கிள் கேரியரில் வைத்து, தெருமுனை அடுமனைக்குத்தான் கொண்டுபோவோம். வீட்டில் அடுப்புப் பெட்டி இல்லாத அந்த நாளில் எங்கள் கேக்குகளைச் சுட்டுக் கொடுத்தவர்கள் உங்களுக்கு முந்தைய தலைமுறைதான் என்பதை நன்றியோடு நினைவுபடுத்துகிறேன். அங்கிருந்த மாஸ்டர், ரொட்டியும் பன்னும் இறக்கி முடிந்து, விறகு அணைந்து, செங்கல்லில் தேங்கிய சூடு தணியத் தொடங்கும்வரை எங்கள் தட்டுகளைத் தொடவே மாட்டார். "இப்ப வச்சா மேல கருகிரும், நடுவுல களியாத்தான் இருக்கும்" என்பார். பழம் நிறைந்த கனமான கேக்குக்கு 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய மிதமான சூடும், கிலோவுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பொறுமையும் வேண்டும் என்று பிற்காலத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டதை, அவர் அடுப்புக்குள் கையை நீட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். சுட்டு வந்த கேக் எண்ணெய்த்தாளும் துணியும் சுற்றித் தகரப் பெட்டிக்குள் போகும். அதன் பிறகு ஞாயிறுதோறும் ஆளுக்கொரு கரண்டி ரசம் அதன் தலையில் ஊற்றுவோம். 25ஆம் தேதி அதிகாலை ஆராதனை முடிந்து வந்த பிறகுதான் பெட்டி திறக்கும்.

அந்த மூன்று நான்கு வாரங்களில் பெட்டிக்குள் நடப்பதுதான் இந்தப் பண்டத்தின் ருசியே. பழம் குடித்து வைத்த ஈரம் மெல்ல மெல்ல மாவுக்கு இறங்கி, சுட்ட அன்று பொரபொரவென்று இருந்த கேக் குழைவாகிறது. ஏலம், கிராம்பு, ஜாதிக்காயின் காரம் அடங்கிப் பரவுகிறது, ரசத்தின் நெடி மணமாகிறது. கெட்டுப்போகாதா என்றால், சர்க்கரை கிருமிகளுக்கு வேண்டிய ஈரத்தைக் கட்டிப் போட்டுவிடுகிறது, மது அவற்றை வளரவிடுவதில்லை. பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ராபர்ட் ஸ்காட்டின் குழு அண்டார்டிகாவின் அடேர் முனையில் விட்டுப்போன பழ கேக் ஒன்றை, நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து, 2017இல் பழம்பொருள்களைப் பேணும் பணியாளர்கள் கண்டெடுத்தார்கள். தகர டப்பா துருப்பிடித்துவிட்டது. உள்ளே கேக் ஏறக்குறைய தின்னக்கூடிய நிலையில் இருந்தது. உங்களிடம் நான் கேட்பது நூறாண்டு இல்லை, மூன்று வாரம்.

ஆனால் நம் கடைகளில் நடப்பது நேர் எதிர். 23ஆம் தேதி சுட்டு, 24ஆம் தேதி விற்று, "இன்னைக்குப் போட்டது, ஃப்ரெஷ்" என்று எழுதியும் வைக்கிறீர்கள். ஊறாத திராட்சை மாவின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ள, கேக் தொண்டையில் அடைக்கிறது. ஊறவைத்ததால் வரவேண்டிய கருமைக்குப் பதில் கருக்கிய சர்க்கரையின் கசப்பும், பழ வாசனைக்குப் பதில் எசன்ஸும் வருகின்றன. இதில் பாதிப் பிழை எங்களுடையது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அரிசி என்றால் பழைய அரிசி, புளி என்றால் பழைய புளி என்று தேடி வாங்கத் தெரிந்த நாங்களே, கேக் கடையில் நுழைந்ததும் "எப்பப் போட்டது?" என்று சந்தேகத்தோடு கேட்டு, மூன்று வாரம் ஆனது என்றால் முகத்தைச் சுளிக்கிறோம். முந்திரி, உலர்பழங்களின் விலை, டிசம்பரில் குவியும் ஆர்டர், இட நெருக்கடி ஆகியவையும் எனக்குத் தெரியாதவை அல்ல.

நகைச்சுவைத் தொகுப்பாளர் ஜானி கார்சன் அமெரிக்கத் தொலைக்காட்சியில், உலகத்தில் ஒரே ஒரு பழ கேக்தான் இருக்கிறது, அதையே எல்லாரும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்கிறார்கள் என்று கேலி செய்தார். தீபாவளிக்குச் சோன்பப்டிப் பெட்டி நம் வீடுகளைச் சுற்றிவருவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஆனால் கொல்கத்தா நியூ மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள்: 1902இல் நஹூம் குடும்பத்தார் தொடங்கிய அடுமனையின் முன் டிசம்பரில் பழ கேக்குக்காக மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். புதுச்சேரியில் ரவையும் ரம்மில் ஊறிய திராட்சையும் சேர்த்துச் செய்யும் விவிகம் கேக் இல்லாமல் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் இல்லை. மதுவுக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் கேரளத்தின் தலச்சேரிக் கதையை நினைத்துக்கொள்ளலாம். 1883இல் அங்கே அடுமனை நடத்திய மாம்பள்ளி பாபு, தோட்ட முதலாளி மர்டாக் பிரவுன் தந்த இங்கிலாந்து கேக்கைச் சுவைத்துப் பார்த்து, பிராந்திக்குப் பதில் முந்திரிப்பழத்திலும் வாழைப்பழத்திலும் வடித்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றிச் செய்து காட்டினார் என்று சொல்கிறார்கள். மதுவே வேண்டாம் என்றால் ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறவைக்கலாம்; குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், அத்தனை நாள் தாங்காது, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். டீக்கடையில் கண்ணாடித்தாள் சுற்றி விற்கும் மஞ்சள் ஃப்ரூட் கேக் மீது எனக்கு எந்த வழக்கும் இல்லை. தேநீரோடு அதைத் தின்பதில் தனிச் சுகம் உண்டு. டூட்டி ஃப்ரூட்டி அதற்கு அழகுதான். அது வேறு பண்டம். அதையே கருப்பாக்கிப் பெட்டியில் போட்டுப் பண்டிகைப் பெயர் சூட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. கடைக்கு இருபது கேக் போதும், ஐம்பது வேண்டாம். அக்டோபரில் பழத்தை ஊறப்போடுங்கள், நவம்பர் கடைசியில் சுடுங்கள். சுட்ட தேதியைச் சிறிய எழுத்தில் ஒளிக்காமல், ஊறப்போட்ட தேதியையும் சேர்த்துப் பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சிடுங்கள். விலை இரட்டிப்பாகத்தான் இருக்கும். "ஏன் இவ்வளவு பழசு?" என்று கேட்பவருக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுங்கள். எல்லாருக்கும் பிடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சென்ற ஆண்டு நான் வீட்டில் செய்துகொண்டுபோன கேக்கையும் அலுவலகத்தில் ஒருவர் ஒரு வாயோடு வைத்துவிட்டார். ஆனால் மற்ற தட்டுகளில் ஓரத்தில் எதுவும் மிஞ்சவில்லை.

வரும் அக்டோபர் முதல் வாரத்தில், உங்களில் யார் ஜாடியை இறக்குகிறீர்களோ அந்தக் கடையில் இரண்டு கிலோவுக்கு முன்பணம் கட்டிவிடுகிறேன். சுட்ட அன்றே கூப்பிட வேண்டாம். 24ஆம் தேதி மாலையில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளரில் ஒருவன்