ஹாரி வாஷிங்டனுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஹாரி ஐயா,

பின்னாளில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியான ஜார்ஜ் வாஷிங்டனிடம் அடிமையாக இருந்தவர் நீங்கள். உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்ட வாஷிங்டன் எங்கிருந்து வந்தது என்று உங்களிடம் யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

இங்கிலாந்தின் வடக்கே, டர்ஹாம் பக்கத்தில் அந்தப் பெயரில் ஓர் ஊர் உண்டு. 1180களில் வில்லியம் என்ற நிலக்கிழார் ஹார்ட்பர்ன் என்ற தன் நிலத்தை டர்ஹாம் பிஷப்பிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இந்த ஊரைப் பெற்றுக்கொண்டார். அதுவரை ஹார்ட்பர்ன் வில்லியம். அதற்கப்புறம் வெஸ்ஸிங்டன் வில்லியம்; வாஷிங்டனின் பழைய வடிவம்தான் வெஸ்ஸிங்டன். இவ்வளவு பெரிய குடும்பப் பெயரின் தொடக்கமே ஒரு நிலப் பரிமாற்றம்தான்.

வம்சம் கிளைவிட்டுத் தெற்கே நகர்ந்தது. நார்தாம்ப்டனில் மேயராக இருந்த லாரன்ஸ் என்ற கம்பளி வியாபாரி, எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துகளை விற்றபோது, 1539இல் சல்கிரேவ் நிலத்தை வாங்கினார். அவர் வழியில் வந்த இன்னொரு லாரன்ஸ் எசெக்ஸில் பாதிரியார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1643இல் அவருடைய பதவி பறிபோனது, குடும்பம் நொடித்தது. மூத்த மகன் ஜான் கப்பல் வேலைக்குப் போனார். 1657இல் அவர் வந்த கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்ட, வர்ஜீனியாவிலேயே தங்கிவிட்டார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ்.

ஜார்ஜை உங்களுக்கு நன்றாகத் தெரியும். சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டுவதற்காக 1763இல் உங்களை விலைக்கு வாங்கியவர். பிறகு அவருடைய பண்ணையான மவுண்ட் வெர்னானில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டீர்கள். 1771இல் தப்பி ஓடினீர்கள், சில வாரங்களில் பிடித்துவிட்டார்கள். அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1776இல் மறுபடியும் ஓடி, ஜார்ஜின் எதிரிகளான பிரிட்டிஷ் பக்கம் போய்ச் சேர்ந்தீர்கள். இந்த முறை பிடிபடவில்லை.

போரில் தோற்ற பிரிட்டிஷ் படை வெளியேறிய 1783இல் நியூயார்க் துறைமுகத்தில், தங்களோடு கப்பலேறிய கறுப்பர்களையெல்லாம் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு பேரேட்டில் பதிந்தார்கள். அதில் உங்களுக்கு ஒரு வரி இருக்கிறது. ஹாரி வாஷிங்டன், வயது 43, நல்ல திடமான ஆள், முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை, ஏழு ஆண்டுகளுக்கு முன் அவரை விட்டு வந்தவர். ஒரே வரியில் அந்தக் குடும்பப் பெயர் இரண்டு முறை வருகிறது: ஒருமுறை உங்களுக்கு, ஒருமுறை அவருக்கு. நான் இங்கேதான் நெடுநேரம் நின்றுவிட்டேன். ஓடிப்போனவர்களைத் திருப்பித் தரும்படி அதே ஆண்டு மே மாதம் ஜார்ஜ் நேரிலேயே கேட்டார். பிரிட்டிஷ் தளபதி கார்ல்டன், அவர்களுக்கு விடுதலை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று மறுத்துவிட்டார். அதனால்தான் நீங்கள் கப்பலில் இருந்தீர்கள்.

டர்ஹாமில் பிறந்த பெயர் உங்களோடு இன்றைய கனடாவில் உள்ள நோவா ஸ்கோஷியாவின் குளிருக்குப் போனது. 1792இல் ஏறக்குறைய 1,200 பேரோடு சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறங்கியது. நீங்கள் பிறந்த காம்பியா இருக்கும் அதே மேற்கு ஆப்பிரிக்கக் கரை. அங்கேயும் நிம்மதி இல்லை. குடியேற்றத்தை நடத்திய கம்பெனி நிலத்துக்கு வாடகை கேட்டது. 1800இல் எதிர்த்து எழுந்தவர்களில் நீங்களும் ஒருவர். ராணுவ விசாரணை நடந்தது, ஆற்றுக்கு அக்கரையில் புல்லம் கடற்கரைக்கு உங்களை நாடு கடத்தினார்கள். ஜார்ஜ் இறந்து அப்போது ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் வரி போடாதே என்று பிரிட்டனை எதிர்த்துப் போராடியதற்காக உலகம் அவரைக் கொண்டாடுகிறது. நீங்கள் கேட்டதும் அந்த நியாயம்தானே ஐயா?

இந்தப் பெயரின் வேரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வர்ஜீனியாவில் தொடங்கி, பின்னோக்கி சல்கிரேவுக்கும் டர்ஹாமுக்கும் போவார்கள். ஃப்ரீடவுனுக்கும் போகட்டும். அதுவும் இதே பெயர் நடந்த வழிதான்.

உங்களுக்குப் பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. அடிமை முறை ஒழிந்த பிறகு எத்தனையோ கறுப்பர்கள் இந்தப் பெயரைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு பையன் முதல்முறையாகப் பள்ளிக்கூடம் போனான். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர், அவனுக்கு ஒன்றே ஒன்று. ஆசிரியர் கேட்டதும் சற்றும் தயங்காமல் புக்கர் வாஷிங்டன் என்றான். பின்னாளில் கறுப்பர்களுக்கான டஸ்கிகீ கல்வி நிலையத்தைக் கட்டி எழுப்பியவர் அவர்தான். 2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தக் குடும்பப் பெயர் கொண்டவர்கள் 1,63,036 பேர். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பர்கள்.

அன்புடனும் வணக்கத்துடனும்,
உங்கள் கதையைத் தேடிப் படித்த ஒரு வாசகன்